அம்பாசிடர் எஞ்சின்ல டிக் டிக், டொக் டொக்: எஞ்சினை இறக்காம சத்தத்தை தேடிப் பிடிச்ச பதிவு

வண்டி 1977 மாடல் அம்பாசிடர் மார்க் 3, பெட்ரோல், 1489 சிசி எஞ்சின். ரொம்ப நாளா நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு, கொஞ்ச நாளா காலையில ஸ்டார்ட் பண்ணதும் ஒரு டிக் டிக், வண்டி சூடானப்புறம் வேற ஒரு டிக் டிக், அதுக்கு நடுவுல ஸ்லோவுல நிக்கும்போது ஒரு கனமான டொக் டொக். ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டேன். பானட்டை தூக்கி ரெண்டு தடவை ரேஸ் பண்ணிப் பாத்தாங்க, நாலாவது பிளக் ஒயரை பிடுங்கினாங்க, சத்தம் கொறஞ்சுச்சு, உடனே "பிக் எண்ட் போயிருச்சுங்க, எஞ்சினை இறக்கிரலாம், ரீபோர், பிஸ்டன் செட், கிராங்க் கிரைண்டிங் எல்லாத்தையும் ஒண்ணா முடிச்சிரலாம்"னு சொல்லிட்டாங்க. கிராங்க்னா பிஸ்டனோட மேல கீழ ஓட்டத்தை சுத்தா மாத்துற தண்டு, பிக் எண்ட்னா பிஸ்டன் ராடு அந்த கிராங்க்ல மாட்டுற இடத்து பேரிங், ரீபோர்னா சிலிண்டரை கடைஞ்சு பெருசாக்குறது.

எனக்கு அதுல மனசு ஒப்பல. செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். என் வண்டியோட கிராங்க் இன்னும் ஸ்டாண்டர்டு சைஸ்லயே இருக்கு, இதுக்கு முன்னாடி எஞ்சின் வேலை பாத்த பில்லுல கிராங்க் கிரைண்டிங் கிடையாது. கிராங்கை ஒரு தடவை அரைச்சா 10 தௌ (ஒரு தௌன்னா இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு) போகும், அப்புறம் 20, 30, 40, அவ்வளவுதான் அதோட ஆயுசு. 2014ல அம்பாசிடர் செஞ்சுட்டு இருந்த உத்தர்பாரா ஃபேக்டரி நின்னு போனப்புறம் நல்ல கிராங்க் கிடைக்கிறதே கஷ்டம்னு ஆயிருச்சு, இந்த நிலைமையில தேவையில்லாம ஒரு சைஸை அரைச்சு தள்றதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். அதனால வண்டியை வீட்டுக்கே கொண்டு வந்துட்டேன்.

எங்க ஏரியாவுல முன்னாடி டாக்ஸி ஸ்டாண்டு வண்டிங்க எல்லாத்தையும் பாத்துட்டு இருந்த மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் இருக்கார், இப்போ வேலையை விட்டுட்டார். போன் பண்ணி சொன்னதும் அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "தம்பி, நாளைக்கு காலையில நான் வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணிராத, முதல் ஸ்டார்ட்டு சத்தம் எனக்கு வேணும்." சரிங்கண்ணான்னு சாவியை எடுத்து உள்ள வெச்சுட்டேன். இது ரொம்ப முக்கியமான விஷயம், ஏன்னா பச்சை எஞ்சின்ல, அதாவது நல்லா ஆறிக் கிடக்கிற எஞ்சின்ல வர்ற சத்தம் வேற, சூடானப்புறம் வர்ற சத்தம் வேற, மெக்கானிக் கிட்ட ஓட்டிட்டு போய் நிறுத்தும்போது பாதி சாட்சி அங்கயே காணாம போயிருது.

காலையில அவர் வந்து ஸ்டார்ட் பண்ணி கையை கட்டிக்கிட்டு நின்னு கேட்டார். முதல்ல கூர்மையான டிக் டிக், எஞ்சின் சூடாக சூடாக அது மெதுவா மங்கிருச்சு, அது மங்குறப்போ மேல வால்வு கவர் பக்கத்துல இருந்து இன்னொரு டிக் டிக் தெளிவாச்சு, அந்த டொக் டொக் மட்டும் ரெண்டு நிலைமையிலயும் அப்படியே இருந்துச்சு. "மூணு சத்தம் இருக்கு தம்பி, மூணையும் ஒண்ணா சேர்த்து ஒரு பேர் வெச்சிருக்காங்க"ன்னார். அன்னைக்கு அவர் சொன்னதுல இதுதான் வேலையோட திசையையே மாத்துச்சு.

முதல்ல காசு செலவில்லாத சோதனை, ஃபேன் பெல்ட்டை கழட்டுறது. டைனமோ பேரிங், வாட்டர் பம்பு பேரிங், பெல்ட்டு, ஃபேன் பிளேடு ரிவெட் லூசா இருக்கிறது, இந்த நாலும் எஞ்சினுக்குள்ள சத்தம்னு நம்மளை நம்ப வெச்சிரும். பெல்ட்டை கழட்டிட்டு ஒரு நிமிஷம் மட்டும் ஓட்டணும், அதுக்கு மேல வேண்டாம், தண்ணி சுத்தாது. எனக்கு மூணு சத்தமும் அப்படியே இருந்துச்சு, ஆக வெளிச்சாமான் எதுவும் இல்ல. கிராங்க் புல்லி நட்டையும் பாத்துக்கிட்டேன், டைட்டா இருந்துச்சு, அது லூசானா அசல் பிக் எண்ட் மாதிரியே தட்டும்.

அடுத்தது ஆயில் பிரஷர். ஆயில் லைட்டை நம்பி முடிவு எடுக்க முடியாது, ரொம்ப கீழ இறங்கினாத்தான் அது எரியும். பிளாக்குல இருந்து ஒரு மெக்கானிக்கல் கேஜுக்கு லைன் எடுத்து மாட்டினேன். நல்லா சூடானப்புறம் ஸ்லோவுல 18 பிஎஸ்ஐ சுமார், ரேஸ் பண்ணினா 45ஐ தாண்டுது. இந்த எஞ்சினுக்கு அது நல்ல பிரஷர். பிக் எண்டோ மெயின் பேரிங்கோ (கிராங்க் பிளாக்குல உக்காந்து சுத்துற பேரிங்) தட்டுற அளவுக்கு தேஞ்சிருந்தா சூட்டுல, ஸ்லோவுல முள்ளு படுத்துரும். மூணே மெயின் பேரிங் உள்ள லாங் ஸ்ட்ரோக் எஞ்சின் இது, போர் 73 மில்லி, ஸ்ட்ரோக் 88.9 மில்லி, பேரிங்ல கேப் விழுந்தா கேஜ் மறைக்காது. அந்த நம்பரை பாத்ததும் பாதி பயம் போயிருச்சு.

இப்போ வேகம். இது எல்லாரும் வீட்டுலயே செய்யலாம். டைமிங் லைட்டை முதல் சிலிண்டர் பிளக் ஒயர்ல மாட்டினா, அந்த லைட்டு கிராங்க் ரெண்டு சுத்து சுத்துறதுக்கு ஒரு தடவை மின்னும், அதாவது கேம் ஷாஃப்ட் வேகம். கேம் ஷாஃப்ட்தான் வால்வுகளை திறக்கிற தண்டு, அது டேப்பட்டை தள்ளும், டேப்பட் புஷ் ராடை தள்ளும், புஷ் ராடு மேல இருக்க ராக்கரை ஆட்டும், ராக்கர் வால்வை அமுக்கித் திறக்கும். 700 ஆர்பிஎம் ஸ்லோவுல நிமிஷத்துக்கு 350 மின்னல். சத்தம் மின்னலுக்கு ஒண்ணா வந்தா அது கேம் பக்கத்து சாமான், வால்வு, ராக்கர், டேப்பட், ஃபூயல் பம்பு, இல்லன்னா ஒரே ஒரு சிலிண்டரோட பவர் ஸ்ட்ரோக் சம்பந்தப்பட்டது, உதாரணத்துக்கு எக்ஸாஸ்ட் லீக். மின்னலுக்கு ரெண்டா வந்தா கிராங்க் பக்கம் போய் பாக்கணும். கண்ணுல லைட்டை பாத்துக்கிட்டே காதால எண்ணணும், கொஞ்ச நேரத்துல பழகிரும். என் மூணு சத்தமும் மின்னலுக்கு ஒண்ணு. அந்த கனமான டொக் டொக்கும் ஒண்ணுதான்! பிக் எண்ட் தட்டுறது பெரும்பாலும் கிராங்க் வேகத்துல வரும், ஆக்சிலேட்டரை லேசா கொடுத்து விடுற நேரத்துல மரப்பெட்டிக்குள்ள சுத்தியலால அடிக்கிற மாதிரி இன்னும் பலமா கேக்கும். இங்க ஆக்சிலேட்டரை எப்படி கொடுத்தாலும் அந்த சத்தத்துல எந்த வித்தியாசமும் இல்ல.

அப்புறம் பிளக் ஒயர் சோதனை, ஒர்க்‌ஷாப்ல பண்ண அதே சோதனை. இன்சுலேஷன் பிளையர்ல ஒவ்வொரு ஒயரா பிடுங்கி உடனே ஒரு போல்ட்டுல எர்த் பண்ணணும், ஒயரை அந்தரத்துல விட்டா காயிலுக்கு நல்லது இல்ல. பிக் எண்டா இருந்தா அந்த சிலிண்டரை அணைச்சதும் தட்டு நல்லா கொறையும், ஏன்னா வெடிப்போட அழுத்தம் பேரிங் மேல விழுறது இல்ல. பிஸ்டன் பின் லூசா இருந்தா ரெட்டைத் தட்டா மாறும். மெயின் பேரிங்கா இருந்தா ஒரே ஒரு சிலிண்டரை அணைச்சா பெருசா மாறாது, பக்கத்துல ரெண்டை சேர்த்து அணைச்சாத்தான் தெரியும். இதெல்லாம் சரிதான். ஆனா எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (சிலிண்டர்ல இருந்து வர்ற புகையை சேர்த்து வெளிய எடுத்துட்டு போற குழாய்) பேக்கிங் லீக்கும் அந்த சிலிண்டரை அணைச்சா கொறையும்ங்கிறதை யாரும் சொல்றது இல்ல. வெடிப்பு இல்லன்னா வெளிய பீச்சுறதுக்கு கேஸ் இல்ல, சத்தமும் இல்ல. நாலாவது ஒயரை பிடுங்கினதும் கொறஞ்சது அந்த காலையில வர்ற கூர்மையான டிக் டிக் மட்டும்தான், டொக் டொக் அப்படியே நின்னுச்சு. ரெண்டும் சேர்ந்து கேக்கிற நேரத்துல மொத்தமா கொறஞ்ச மாதிரி தோணும், அதை வெச்சு பிக் எண்டுன்னு முடிவு பண்ணிருக்காங்க.

பச்சை எஞ்சின்ல வந்து சூட்டுல மங்குறது மேனிஃபோல்டு லீக்குக்கு பெரிய அடையாளம், இரும்பு விரிஞ்சு கேப்பை தானே அடைச்சுக்குது. பிஸ்டன் ஸ்லாப்பும் சூட்டுல மங்கும், ஆனா அது கூர்மையா இருக்காது, உள்ள காலியா இருக்க சத்தமா வரும். ஒரு முழம் ரப்பர் ஹோஸை எடுத்து ஒரு முனையை காதுல வெச்சு இன்னொரு முனையை மேனிஃபோல்டு ஓரமா நகர்த்திட்டே போனேன், நாலாவது சிலிண்டர் போர்ட்டு கிட்ட போனதும் காதுக்குள்ள டப் டப்னு அடிச்சுச்சு. அதே இடத்துல ஹெட்டுல (சிலிண்டருக்கு மேல மூடியா இருக்க பாகம்) கருப்பா ஒரு கரிக் கோடு. (இந்த மாதிரி வேலை செய்யும்போது வேட்டி, துண்டு, தொங்குற சட்டை எதுவும் வேண்டாம், ஃபேன் பக்கத்துலயே சுத்திட்டு இருக்கும். லாங் ஸ்க்ரூ டிரைவரை காதுல வெச்சு கேக்கிறவங்களும் பிளேடு இருக்க பக்கம் போகாதீங்க.)

மேனிஃபோல்டை கழட்டினதும் காரணமும் தெரிஞ்சுச்சு. இந்த எஞ்சின்ல இன்லெட், எக்ஸாஸ்ட் ரெண்டு மேனிஃபோல்டும் ஒரே பக்கம், ஒரே பேக்கிங், நடுவுல இருக்க நட்டுங்க ஒரு பெரிய வாஷரால ரெண்டோட விளிம்பையும் சேர்த்து அமுக்குது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை எப்பவோ யாரோ லேத்துல முகம் எடுத்திருக்காங்க, அந்த விளிம்பு மட்டும் மெலிஞ்சு போயிருக்கு. வாஷர் இன்லெட் விளிம்பு மேல சாஞ்சு உக்காந்துருச்சு, எக்ஸாஸ்ட் பக்கம் சரியா பிடிமானமே இல்ல, கடைசி போர்ட்டுல பேக்கிங் கருகிப் போச்சு. நட்டை எவ்வளவு டைட் பண்ணாலும் இது நிக்காது. ரெண்டு மேனிஃபோல்டையும் ஒண்ணா போல்ட் பண்ணி லேத்துல ஒரே மட்டமா எடுக்க வெச்சேன், விளிம்பு தடிமன்ல இருந்த வித்தியாசத்துக்கு வாஷரோட ஒரு பக்கத்தை படி மாதிரி எடுத்துக் கொடுத்தாங்க, புது பேக்கிங். முதல் சத்தம் தீர்ந்துச்சு.

மேனிஃபோல்டு கையில இருக்கிறப்பவே பிளாக்கு பக்கத்துல ரெண்டு சைடு கவர் கண்ணுக்கு முன்னாடி நிக்கும், அதுக்குள்ளதான் டேப்பட் இருக்கு, ஹெட்டை கழட்டாமலே எடுத்துப் பாக்கலாம். இந்த வசதி இந்த எஞ்சினை வடிவமைச்சவங்களோட நல்ல மனசு, அதை பயன்படுத்தாம விட்டா நமக்குத்தான் நஷ்டம். அதனால ரெண்டாவது டிக் டிக்கையும் அதே கையோட பாத்துரலாம்னு இறங்கினேன்.

வால்வு கேப்பை, அதாவது ராக்கருக்கும் வால்வு முனைக்கும் நடுவுல இருக்க இடைவெளியை, முன்னாடியே செட் பண்ணி பாத்துட்டோம். சூட்டுல 15 தௌ. ஒன்பது கணக்குன்னு ஒண்ணு இருக்கு, எட்டு வால்வுல முதல் வால்வு முழுசா திறந்திருக்கும்போது எட்டாவதை செட் பண்ணணும், ரெண்டு திறந்திருந்தா ஏழு, மூணுக்கு ஆறு, கூட்டினா ஒன்பது வரணும். எல்லாம் சரியா வெச்சும் டிக் டிக் போகல. ஸ்லோவுல ஓடும்போதே ஃபில்லர் கேஜை (கேப் அளக்கிற மெல்லிசான தகடு) ஒவ்வொரு ராக்கருக்கு கீழயும் சொருகிப் பாத்தப்போ ஆறாவது வால்வுல, அதாவது மூணாவது சிலிண்டர் இன்லெட்டுல, சத்தம் பாதியா கொறஞ்சுச்சு. எஞ்சினை நிறுத்திட்டு அந்த ராக்கரை விரலால மேலயும் கீழயும் ஆட்டினா ஷாஃப்டு மேலயே லொட லொடன்னு ஆடுது. வால்வு முனையில இருக்க கேப் ஒரு கணக்கு, ஷாஃப்டுல இருக்க கேப் அதுக்கு மேல இன்னொரு கணக்கு, ஃபில்லர் கேஜ் முதல் கணக்கை மட்டும்தான் காட்டும். அதோட ராக்கரோட முகத்துல வால்வு தண்டு பட்டு ஒரு குழி விழுந்திருந்தா தட்டையான கேஜ் அந்த குழிக்கு மேல பாலமா உக்காந்துக்கும், நீங்க 15னு நினைப்பீங்க, உள்ள அதை விட அதிகமா இருக்கும். இதுல ரெண்டும் இருந்துச்சு.

ராக்கரை கழட்டுறதுக்கு முன்னாடி தயவு செஞ்சு இதை படிங்க. ராக்கர் பெடஸ்டல்ல (ராக்கர் ஷாஃப்டை தாங்குற கால்) இருக்க எட்டு நட்டுல நாலு நட்டு சிலிண்டர் ஹெட்டையும் பிடிச்சிட்டு இருக்கு. ராக்கர் நட்டை மட்டும் கழட்டினா ஹெட்டு ஒரு பக்கம் மட்டும் அமுங்கி வளைஞ்சு, தண்ணி சிலிண்டருக்குள்ளயும் சம்புக்குள்ளயும் (எஞ்சின் அடியில ஆயில் நிக்கிற தொட்டி) இறங்க வாய்ப்பிருக்கு. முதல்ல ரேடியேட்டர் தண்ணியை இறக்கிரணும், அப்புறம் வெளிய இருக்க ஏழு ஹெட் நட்டையும் ராக்கர் நட்டுங்களோட சேர்த்து கொஞ்சம் கொஞ்சமா, மாத்தி மாத்தி லூஸ் பண்ணணும். மாட்டும்போதும் அதே மாதிரி வரிசைப்படி. இதை தெரியாம பண்ணி நல்லா இருந்த ஹெட் கேஸ்கட்டை கெடுத்துட்டு, டேப்பட் செட் பண்ணப்புறம் தண்ணி கொறையுதுன்னு புலம்புற வண்டிக்காரங்களை பாத்தா எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கும்.

புஷ் ராடை உருவும்போது நேரா இழுக்காதீங்க, அடியில ஆயில் பிடிச்சு டேப்பட்டும் கூடவே ஒட்டிக்கிட்டு வரும், லேசா திருகி விட்டு எடுத்தா டேப்பட் அங்கயே தங்கிரும். அட்டைப் பெட்டியில எட்டு ஓட்டை போட்டு நம்பர் எழுதி வரிசையா சொருகி வெச்சேன், எது எங்க இருந்துச்சோ அங்கயே திரும்ப போகணும், ஒவ்வொண்ணும் அதோட ஜோடிக்கு தேஞ்சிருக்கும்.

ஷாஃப்டை லாக் ஸ்க்ரூ எடுத்து உருவி துடைச்சு பாத்தேன். மேல் பக்கம் புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு. கீழ் பக்கம் திருப்பினா ராக்கர் உக்காந்த இடத்துல எல்லாம் படிப்படியா தேஞ்சிருக்கு, நகத்தை வெச்சு இழுத்தா நகம் மாட்டி நிக்குது. வால்வு ஸ்பிரிங் எப்பவும் ராக்கரை மேல தள்ளிட்டே இருக்கிறதால தேய்மானம் முழுக்க ஷாஃப்டோட அடிப்பக்கம்தான், மேல இருந்து எத்தனை தடவை பாத்தாலும் தெரியாது. முனையில இருக்க ஸ்க்ரூ பிளக்கை கழட்டி உள்ள கம்பியை விட்டேன், கருப்பா மெழுகு கணக்கா கசடு வந்துச்சு, ஆறாவது ராக்கருக்கு ஆயில் போற ஓட்டை முக்கால்வாசி அடைஞ்சிருக்கு. காரணம் அதுதான். ஆயில் போகல, ராக்கருக்குள்ள இருக்க புஷ் (ஷாஃப்டு மேல உக்காருற உலோக வளையம்) தேஞ்சுச்சு, ஷாஃப்டு தேஞ்சுச்சு.

புது 5/8 இன்ச் ஷாஃப்டு, எட்டு ராக்கருக்கும் புது புஷ். புஷ்ஷை பிரஸ் பண்ணி இறக்கினதும் ஆயில் ஓட்டையை டிரில் பண்ணி அப்புறம் ரீமர் போட்டு ஷாஃப்டுக்கு சைஸ் பண்ணணும், லேத்துல பக்கத்துல நின்னு ஒவ்வொரு ஓட்டையிலயும் ஆயில் கேனால அடிச்சு மேல வருதான்னு பாத்துட்டுதான் வாங்கிட்டு வந்தேன். ஆறாவது ராக்கர் முகத்தை அரைச்சு சரி பண்ணலாம்னு சொன்னாங்க, நான் வேண்டாம்னுட்டேன், மேல இருக்க கடினமான தோல் ரொம்ப மெல்லிசு, அது போனா சீக்கிரமே மறுபடியும் குழி விழும். நல்ல ராக்கர் ஒண்ணு தேடி வாங்கி போட்டேன்.

டேப்பட் எட்டையும் சைடு கவர் வழியா எடுத்து அடி முகத்தை வெயில்ல சாய்ச்சு பாத்தேன். ஏழு நல்லா வட்டமா பாலிஷ் ஆயிருந்துச்சு, அதாவது சுத்திட்டே வேலை செஞ்சிருக்கு. ஒண்ணுல மட்டும் ஊசி குத்தின மாதிரி ரெண்டு மூணு புள்ளி, அதை மாத்திட்டேன். இந்த மாதிரி தட்டையான டேப்பட் உள்ள எஞ்சினுக்கு ஆயில்ல ஜிங்க் முக்கியம், தேய்மானத்தை தடுக்க ஆயில்ல கலக்கிற ஒரே சேர்மானத்துல ஜிங்கும் பாஸ்பரஸும் சேர்ந்தே இருக்கும். புது ஆயில்கள்ல அதை கொறைச்சிருக்காங்கன்னு எல்லாரும் சொல்றது உண்மைதான், ஆனா புது ஏபிஐ (ஆயில் தரத்தை வகுக்கிற அமெரிக்க அமைப்பு) ரகங்கள்ல பாஸ்பரஸ் அளவுக்கு மேல் வரம்பு வெச்சிருக்கிறது 5டபிள்யூ30 மாதிரி மெல்லிசான கிரேடுக்கு, 20டபிள்யூ50க்கு அந்த வரம்பு கிடையாது. அதனால மினரல் 20டபிள்யூ50 ஊத்துறவங்க ரொம்ப கவலைப்பட வேண்டியதில்ல, புது கார் ஆயிலை மைலேஜுக்காக இதுல ஊத்துறதுதான் தப்பு.

எல்லாம் மாட்டி ஸ்டார்ட் பண்ணதும் ரெண்டு டிக் டிக்கும் போயிருச்சு, டொக் டொக் தனியா, இன்னும் தெளிவா கேட்டுச்சு. கேம் வேகம், ஆக்சிலேட்டருக்கு மாறல, பிளக்குக்கு மாறல, பெல்ட்டுக்கு மாறல. ஸ்க்ரூ டிரைவரை பிளாக் முழுக்க வெச்சுப் பாத்ததுல ஃபூயல் பம்பு ஃபிளான்ஜ்ல வெச்சப்போ கைப்பிடியே அதிர்ந்துச்சு. அண்ணன் சொன்னார், "கார்புரேட்டர் பவுல்ல இருக்க பெட்ரோல் ஸ்லோவுல கொஞ்ச நேரம் ஓட்டும் தம்பி, பம்பை கழட்டிட்டு ஓட்டையை தகடு போட்டு மூடி ஓட்டிப் பாரு." பெட்ரோல் லைனை நல்லா அடைச்சு கட்டிட்டு, ஒழுகின பெட்ரோலை துடைச்சு ஆவி போற வரைக்கும் காத்திருந்து, தீயணைப்பு சிலிண்டரை பக்கத்துல வெச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணேன். சத்தமே இல்ல. அந்த அமைதியை கேட்டு அண்ணன் முகத்துல வந்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன்.

பம்போட கையை கேம் ஷாஃப்டுல இருக்க எக்சென்ட்ரிக் (மையம் விலகி சுத்துற வட்டு) தள்ளும், ஒரு சின்ன ஸ்பிரிங் அந்த கையை எப்பவும் எக்சென்ட்ரிக் மேல ஒட்ட வெச்சிருக்கணும். என் பம்புல அந்த ஸ்பிரிங் ரெண்டா உடைஞ்சு ஒரு துண்டு உள்ளயே சிக்கியிருந்துச்சு, பின் வேற தேஞ்சிருக்கு, கை விலகி விலகி வந்து ஒவ்வொரு சுத்துக்கும் எக்சென்ட்ரிக்கை அடிச்சிருக்கு. பெட்ரோல் நல்லாவே வந்துட்டு இருந்ததால யாருக்கும் பம்பு மேல சந்தேகம் வரல. டயாஃப்ரமும் விறைச்சு போயிருந்துச்சு, இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) போடுற பழைய வண்டிக்காரங்க இந்த ரப்பரை கண்டிப்பா பாருங்க, அது கிழிஞ்சா பெட்ரோல் நேரா சம்புக்கு இறங்கி ஆயிலை நீர்க்க வெச்சு நிஜமாவே பேரிங்கை சாப்பிட்டுரும். டிப் ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்க, பெட்ரோல் வாசம் வந்தா வண்டியை எடுக்காதீங்க. நான் ஸ்பிரிங், பின், எத்தனால் தாங்குற டயாஃப்ரம் எல்லாம் போட்டு பம்பை மாட்டினேன், உடைஞ்ச ஸ்பிரிங்கோட ரெண்டு துண்டையும் சேர்த்து வெச்சு முழு நீளம் வருதான்னு பாத்துட்டுதான் மாட்டினேன், ஒரு துண்டு சம்புல கிடந்தா அது வேற வம்பு.

கிராங்க் ஸ்டாண்டர்டு சைஸ்லயே இருக்கு, சம்பை தொடவே இல்ல. கொஞ்சம் ஓட்டி சூடானப்புறம் வால்வு கேப்பை மறுபடியும் 15 தௌக்கு செட் பண்ணேன், ஹெட் நட்டையும் வரிசைப்படி ஒரு தடவை பாத்துக்கிட்டேன். ஆயில் பிரஷர் கேஜை கழட்டல, டேஷ்போர்டுக்கு கீழயே நிரந்தரமா மாட்டிட்டேன். ஆக்சிலேட்டரை விடும்போது முன்னாடி டைமிங் கவருக்குள்ள இருந்து லேசா ஒரு சலசலப்பு இருக்கு, செயின் கொஞ்சம் தளர்ந்திருக்கும்னு அண்ணன் சொல்றார். முன்பக்க ஆயில் சீல் கசியுது, அதுக்கு எப்படியும் அந்த கவரை கழட்டணும், அப்போ செயினையும் மாத்திரலாம்னு முடிவு பண்ணிருக்கோம், சாமான் ஆர்டர் போட்டாச்சு.